ஓரகத்தியின் சோதனைத் தாள்

தொலைபேசி நிலையத்தின் இரண்டாம் மாடியில், ஏசி ஓயாமல் உறுமும் கருவி அறையில் பதினாறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறவள் பெரியவள். எந்த அலமாரியில் எந்தக் கருவி எப்போது மக்கர் பண்ணும் என்பது அவளுக்கு அத்துப்படி. புது லைன் வந்தால் அதன் வேகத்தையும் மற்ற அமைப்புகளையும் கணினியில் ஏற்றி, சோதித்து, தாள் எடுத்துக் கொடுப்பாள். சந்தேகம் தட்டும் எண்ணுக்குக் கீழே பென்சிலால் சின்னதாக ஒரு கோடு இழுப்பாள். அது கை தானாகச் செய்யும் பழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தன் கொழுந்தன் மனைவிக்கு இதே அறையில் வேலை வாங்கிக் கொடுத்தவளும் இவள்தான். யாராவது கெஞ்சினார்களா? இல்லை. வலியப் போய்ச் சொல்லிச் சேர்த்துவிட்டாள். வந்தவள் ஆறே மாதத்தில் தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டாள். வீட்டிலும் மாமியாருக்கு எடுத்ததற்கெல்லாம் "சின்னவளக் கேளு"தான். மாடியில் குடியிருக்கும் பெரியவளின் காதில் விழட்டும் என்றே கீழ் வீட்டிலிருந்து சத்தமாகச் சொல்வதுபோல் இருக்கும்.

இப்போது பிரிவுப் பொறுப்பாளர் பதவி காலி. ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்துக்கான புது லைனைச் சின்னவள் நல்லபடியாக முடித்துக் கொடுத்தால் உத்தரவு அவள் பேருக்குத்தான் என்று அதிகாரி வாய்விட்டே சொல்லிவிட்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை. பதினாறு வருஷம் எங்கே, மூன்று வருஷம் எங்கே?

புதன்கிழமை மாலை நாலு மணிக்கு அந்த லைனின் சோதனைத் தாள் அவள் மேசைக்கு வந்தது. சோதித்தவர் கையெழுத்து சின்னவளுடையது. சரிபார்த்தவர் கையெழுத்தைப் பெரியவள் போட வேண்டும். பிழை: பூஜ்யம்.

இந்தச் சோதனைக்கு லூப் என்று பேர். எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மறுமுனையில், வருகிற சிக்னலை அப்படியே திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும். போனதும் வந்ததும் ஒத்துப்போனால் லைன் சுத்தம். போய்வர எடுத்த நேரமும் தாளில் இருக்கும். எண்பது கிலோமீட்டருக்கு எண்ணூறு மைக்ரோ விநாடிக்குக் குறையாமல் வர வேண்டும். தாளில் இருந்தது இருபத்தொன்று.

பெரியவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. சிக்னல் இந்த அறையைத் தாண்டவே இல்லை. இங்கேயே திரும்பியிருக்கிறது. அப்படி இருந்தால் பிழை எங்கிருந்து வரும்? எண்பது கிலோமீட்டர் லைனை யாரும் சோதிக்கவே இல்லை.

கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தாள். எதிர் மேசையில் சின்னவள் யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். நாளைக் காலை பத்து மணிக்கு ஆம்புலன்ஸ் மையத்தை இந்த லைனுக்கு மாற்றுவார்கள், ஊரறிய மண்ணைக் கவ்வட்டும். அதிகாரி எண்களையெல்லாம் பார்க்க மாட்டார், கையெழுத்துப் போடுவதோடு சரி.

"தலை விண் விண்ணுன்னு வலிக்குது. நாளைக்கு நான் வரலைன்னா சாரையே போடச் சொல்லு" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சின்னவள் மாத்திரையோடு மாடியேறி வந்தாள். பெரியவள் போர்வைக்குள் முனகினாள்.

"நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்கக்கா. சார் கையெழுத்துப் போட்டுடறேன்னுட்டார்."

"செட்டிங் எல்லாம் சரியாப் பாத்தியா?"

"நீங்க சேமிச்சு வச்சதத்தான் அப்படியே ஏத்தினேன். அக்கா போட்டதத் திறந்து வேற பாக்கணுமா?"

அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. பெரியவள் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். போன மாதம் புதுக் கருவி ஒன்றைப் பார்ப்பதற்காக இந்த அறையிலேயே லூப் போட்டு, அதை அப்படியே சேமித்தவள் அவள்தான். பிறகு மாற்ற மறந்துபோனாள்.

ஆம்புலன்சுக்குக் காத்திருக்கும் உயிர்களை நினைத்து ஓடினாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. விசாரணை வந்தால் தன் பேர் வெளியே வரும் என்ற பயம் பாதி, தன்னை நம்பியவளைக் கவிழ்க்கப் பார்த்தோமே என்ற வெட்கம் மீதி. வாடகை வண்டி பிடித்து ஒன்பதே முக்காலுக்கு அதிகாரி அறைக்குள் நுழைந்தாள். அவர் பேனாவைத் திறந்திருந்தார்.

"போடாதீங்க சார்! லூப் நம்ம ரூம்லயே திரும்பியிருக்கு."

சின்னவள் சட்டென்று தாளை எடுத்துப் பார்த்தாள். முகம் வெளுத்தது. தாளோடு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"இது யாரோட தப்பு?" என்றார் அதிகாரி.

பெரியவள் வாய் திறப்பதற்குள் சின்னவள் முந்திக்கொண்டாள். "என்னோடதுதான் சார். சரிபாக்காம ஏத்திட்டேன்."

"செட்டிங் நான் சேமிச்சது சார்" என்று பெரியவள் சொன்னது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

மறுமுனையில் லூப் போட்டுச் சோதித்தபோது பிழை நூற்றுக்கணக்கில் கொட்டியது. அங்கே ஒரு இணைப்பு தளர்ந்திருந்தது. அதை முடுக்கியதும் லைன் சுத்தமானது. மதியம் மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் மையம் புது லைனுக்கு மாறியது. தப்பை ஒத்துக்கொள்ளும் ஆள்தான் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று சொல்லி அதிகாரி அன்றைக்கே சின்னவள் பேருக்கு உத்தரவில் கையெழுத்திட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"வீட்ல படுத்திருந்தவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு சார் கேட்டார்க்கா."

"நீ என்ன சொன்ன?"

"அக்கா படுத்துக்கிட்டே கணக்குப் போட்டுருவாங்கன்னு சொன்னேன்."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு பெரியவள், "நேத்தே பாத்துட்டேன்" என்றாள்.

"தெரியும்க்கா. இருபத்தொண்ணுக்குக் கீழ கோடு இருந்துச்சு. சார் கண்ல படறதுக்குள்ள அழிச்சுட்டேன்."

சின்னவள் அழவில்லை, திட்டவில்லை. ஜன்னல் காற்றுக்கு முடியை ஒதுக்கிக்கொண்டாள். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருந்தால் பெரியவள் தாங்கியிருப்பாள். பதவி போனதுகூட இப்போது அவ்வளவாக உறைக்கவில்லை. இப்படி ஒரு மனசு தனக்கு இல்லாமல் இவளுக்கு வாய்த்துவிட்டதே என்று நினைத்தபோதுதான் அவளுக்கு வயிறு எரிந்தது.