புளோரன்ஸ் அக்கா மீன் பொரித்த நாள்

1. மணம் இல்லாத வீடு

மொன்றியலில் வீடு வாங்கப்போகிறவர்களுக்காக வீடுகளைப் பரிசோதித்து ரிப்போர்ட் எழுதுவது என் தொழில். கூரையிலிருந்து பேஸ்மென்ட் வரை பார்ப்பேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னைக் கண்டதும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணை, என்ன மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். மெஷினை ஆறுதலாக வாங்கலாம். அதற்கு முன் புளோரன்ஸ் அக்காவின் கதையைக் கேளுங்கள்.

பரிசோதனை நாளில் வீடு விற்கிறவர்கள் செய்கிற கூத்து சொல்லி மாளாது. கறிச்சட்டி காரின் டிக்கிக்குள் போய்விடும். வாசனை மெழுகுதிரி எரியும். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. சமைக்காமல், படுக்காமல் ஒரு குடும்பம் எப்படிக் காலம் தள்ளியது என்று யோசிக்கத் தோன்றும். எனக்கு எரிச்சல்தான் வரும்.

டோர்வல் பக்கத்தில் இருந்த அந்த வீடும் அப்படித்தான் இருந்தது. மன்னாரிலிருந்து வந்த புளோரன்ஸ் அக்காவும் கணவர் அல்போன்ஸ் அண்ணையும் அதை விற்றுவிட்டு வேறிடம் போக இருந்தார்கள். புது வீட்டுக்குக் கையெழுத்தும் வைத்தாயிற்று. இந்த விற்பனை குழம்பினால் அவர்கள் பாடு திண்டாட்டம். அதனால் அவர்களுடைய ஏஜென்ட் சுதன் கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தார்.

"அக்கா, இண்டைக்கு அடுப்பு மூட்டக்கூடாது. மீன் மணம் வந்தா எங்கட ஆக்களே ஓடிடுவினம்!"

அல்போன்ஸ் அண்ணைக்கு விமான நிலையத்தில் இரவு நேரத் துப்புரவு வேலை. காலையில் வந்து பேஸ்மென்டில்தான் படுப்பார். அன்று அறை துப்புரவாக இருக்கவேண்டும் என்பதற்காக மனிதர் டிரைவ்வேயில், காருக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

2. ஊதுபத்தி

என்னைக் கூப்பிட்டவர்கள் சென்னையிலிருந்து வந்த கார்த்திக்கும் வித்யாவும். வித்யா நிறைமாதக் கர்ப்பிணி. பேஸ்மென்டில் இருந்த காஸ் ஃபயர்பிளேஸைப் பார்த்ததுமே கார்த்திக் மயங்கிவிட்டார்.

"சார், பாப்பா பொறந்ததும் வித்யா இந்த ரூம்லதான் இருக்கப்போறா. வின்டர்ல எவ்ளோ கதகதப்பா இருக்கும் பாருங்க!"

அது பழைய வகை ஃபயர்பிளேஸ். எரிவதற்கு வேண்டிய காற்றை அறையிலிருந்தே எடுக்கும். எரிந்த வாயு தானாக மேலெழுந்து வென்ட் குழாய் வழியே வெளியே போகவேண்டும். போகிறதா என்று பார்க்க என் பையில் எப்போதும் ஊதுபத்திக் கட்டு ஒன்று இருக்கும். வீட்டுக்கு நான் பூசை செய்வதாக நினைத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. 

ஃபயர்பிளேஸை எரியவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, மேல் விளிம்பில் உள்ள திறப்பருகே பத்தியைப் பிடித்தேன். புகை அழகாக உள்ளே இழுபட்டது. குழாயில் துரு இல்லை. வெளியே மூடியும் சரி. இந்த இடத்தில் 'பிரச்சினை இல்லை' என்று எழுதிவிட்டு மற்ற அறைக்குப் போயிருந்தால் என்னை ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது.

3. மேலே அடுப்பு, கீழே புகை

அப்போது மாடிப்படி வழியாகச் சத்தம் கேட்டது.

"தம்பி சுதன், அவர் விடிய வந்து ஒண்டும் வாயில வைக்கேல்லை. ரெண்டு துண்டு மீன் பொரிச்சுக் குடுக்கிறன்."

"ஐயோ அக்கா, மணக்கும்!"

"மனுசன் பசியோட காருக்க கிடக்கு. உமக்கு மணம்தான் பெரிசோ?"

அடுப்புக்கு மேலிருந்த எக்ஸோஸ்ட் ஃபேன் உறுமத் தொடங்கியது. மீன், மிளகாய் மணம் வீட்டுக்குள் தங்கக்கூடாதென்று நம்மவர்கள் ரெஸ்டோரன்டுக்குப் பூட்டுகிற ஃபேனையே வாங்கிப் பூட்டுவார்கள். இதுவும் அந்த ரகம்.

என் கையில் பத்தி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போன புகை மெல்லத் தயங்கியது. பிறகு திரும்பி நேரே என் முகத்துக்கு வந்தது. இடுப்பில் கொழுவியிருந்த கார்பன் மோனாக்சைட் மீட்டர் கீச்சிட ஆரம்பித்தது.

காஸ் வால்வை மூடினேன். "ஃபேனை நிப்பாட்டுங்கோ! கதவைத் திறவுங்கோ! எல்லாரும் வெளிய வாங்கோ!" என்று கத்திக்கொண்டு கார்த்திக்கையும் வித்யாவையும் மேலே அனுப்பினேன்.

வாசலில் நின்று அவர்களுக்கு விளக்கினேன். குளிருக்காக ஜன்னல் இடுக்கெல்லாம் இறுக்கி அடைத்த வீடு. அந்தப் பெரிய ஃபேன் உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளினால், அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாகவேண்டும். இங்கே அது வென்ட் குழாய் வழியே கீழே இறங்குகிறது. வெளியே போகவேண்டிய கார்பன் மோனாக்சைட் என்ற நச்சு வாயுவையும் அறைக்குள் கொண்டு வருகிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது.

"கீழ இந்த வாயுவுக்கு அலாரம் ஒண்டும் இல்லையே, அக்கா?" என்று கேட்டேன்.

சுதன் முந்திக்கொண்டார். "அது புதுசா ஒண்டு பூட்டலாம், அண்ணை. சின்ன விசயம்."

"இருந்தது," என்றார் புளோரன்ஸ் அக்கா. "நான்தான் கழட்டினனான். அவர் கீழ ஃபயர்பிளேஸை எரியவிட்டுப் படுத்திருக்க, நான் மேல சமைக்கேக்க எல்லாம் கத்தும். பொரிக்கிற புகைக்குத்தான் கத்துது எண்டு நினைச்சன். அவற்ற நித்திரை குழம்புது எண்டு கழட்டி எறிஞ்சிட்டன். எழும்பினா அவருக்கு ஒரே தலையிடி, சத்தியும் எடுப்பார். நைட் ஷிப்டால எண்டு சொல்லுவார்."

"அக்கா, உதெல்லாம் இப்ப கதைக்கத் தேவையில்லை," என்று சுதன் பல்லைக் கடித்தார்.

"தேவையிருக்கு." அக்கா வித்யாவின் கையைப் பிடித்தார். "பிள்ளை, உதைத் திருத்தி, தெரிஞ்ச ஆள் வந்து சரியெண்டு சொல்லுமட்டும் கையெழுத்து வைக்காதை. எங்களுக்கு வித்தாக வேணும்தான். எண்டாலும் வைக்காதை."

சொல்லிவிட்டு வீட்டுச் செருப்போடு பனிக்குள் இறங்கிப் போய்க் காரின் கண்ணாடியில் தட்டினார். அல்போன்ஸ் அண்ணை கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார். அவருடைய தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அக்கா அழுதார். பிறகு பார்க்கலாம் என்று அவர் சொல்லச் சொல்ல, அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல வேளை, பெரிய சேதம் இல்லை.

4. நான் படித்தது

கார்த்திக்கும் வித்யாவும் பொறுத்திருந்தார்கள். லைசென்ஸ் உள்ள காஸ் டெக்னீஷியன் வந்து பழையதைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தே காற்றெடுக்கிற, மூடிய வகை ஃபயர்பிளேஸைப் பூட்டினார். சமையலறை ஃபேன் தள்ளுகிற காற்றுக்கு ஈடாக வெளிக்காற்று வரவும் வழி செய்தார். அதன் பிறகுதான் கையெழுத்து.

இந்தத் தொழிலில் நான் பார்த்த மனிதர்களில் புளோரன்ஸ் அக்காவை மிஞ்சிய ஆளில்லை. வீட்டின் குறையைச் சொல்ல எனக்குக் கூலி கிடைக்கிறது. அவருக்குக் கிடைக்கவிருந்தது நட்டம். அது நன்றாகத் தெரிந்துதான் அவர் வாய் திறந்தார்.

அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கதவு ஜன்னலைச் சாத்தி, சமையலறை ஃபேன், பாத்ரூம் ஃபேன், டிரையர் எல்லாவற்றையும் ஓடவிட்டுத்தான் ஃபயர்பிளேஸுக்குப் பத்தி பிடிக்கிறேன். ஆட்கள் குடியிருக்கிறபோது வீடு எப்படி இயங்குமோ, அப்படி இயங்கவிட்டுச் சோதியுங்கள். நான் சொல்லக்கூடிய பாடம் அவ்வளவுதான்.

சாவி கைமாறிய அன்று சுதனுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. "அண்டைக்கே காஸைத்தான் நிப்பாட்டியாச்சே, அக்கா. அலாரம் கழட்டின கதையையும் தலையிடிக் கதையையும் ஏன் அவையளுக்குச் சொன்னீங்கள்?" என்று கேட்டார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளையும் இதுக்க வந்து சமைக்கத்தானே போகுது, தம்பி."