வலப்பக்கம் சாயும் வண்டி

அந்த வண்டிக்குச் சக்கரம் கிடையாது. கணினி விளையாட்டு ஒன்றில் கட்டைகளைப் பொருத்தி நாமே கட்டிக்கொள்ளும் பந்தய வண்டி அது. அடியில் நான்கு மூலைகளிலும் காற்றைக் கீழே தள்ளும் த்ரஸ்டர்கள். தரைக்கு ஒரு முழம் மேலே மிதந்தபடி தலைதெறிக்க ஓடும். அதைப் பழக்குவதற்குள் உயிர் போய்விடும். திருப்பினால் மூக்கு மட்டும் திரும்பும். உடம்பு பழைய திசையிலேயே போய்ச் சுவரில் மோதும். எனக்குக் கொல்கத்தாவின் துறைமுகப் பகுதியான கார்டன் ரீச்சில், கப்பல்களுக்கு வரைபடம் போடும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை. அந்தத் திமிரில் இது என்ன பிரமாதம் என்று நினைத்துவிட்டேன். கப்பலுக்குச் செய்வதுபோல அடியில் கனத்தை ஏற்றினேன். வண்டி தரையைவிட்டு எழவே இல்லை.

விளையாட்டைத் தொடங்கிவைத்தது என் மனைவி. அவள் கோயம்புத்தூரில் வங்கி அதிகாரி. கல்யாணமான கையோடு எனக்குக் கொல்கத்தாவில் வேலை கிடைத்தது. அவள் இங்கே மாற்றல் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். தினமும் போனில் பேசினோம். போகப் போகப் பேச்சு "சாப்பிட்டியா", "தூங்கினியா" என்று தேய்ந்துபோயிற்று. "இப்படியே போனா ஹாஸ்டல் வார்டன்கிட்ட பேசற மாதிரி ஆயிடும்டா," என்று சொல்லி, ஞாயிறு சாயங்காலங்களில் சேர்ந்து விளையாட இதைத் தேடிப் பிடித்தாள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். எங்களுக்குள் வாடா போடாதான்.

இருக்கைகளை முன்னும் பின்னுமாக வைத்தேன். வேகத்துக்கு அதுதான் சரி.

"பின்னாடி உக்காந்தா எனக்கு உன் முதுகுதான் தெரியும். பக்கத்துல வை," என்றாள்.

வைத்தேன். வலப்பக்கம் நான், இடப்பக்கம் அவள். அகலம் கூடியது, வேகம் குறைந்தது, அதற்கு ஒரு சண்டையும் போட்டோம். அந்த விளையாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் எடை உண்டு. அதனால் இருவரும் ஏறி உட்கார்ந்துகொண்டு, நான்கு த்ரஸ்டர்களையும் மாற்றி மாற்றித் திருத்தினோம். வளைவுகளுக்கென்று பக்கவாட்டில் இரண்டு சின்ன த்ரஸ்டர்கள். நான் திருப்புவேன்; அவள் அவற்றை இயக்குவாள். "இரு, இரு, இப்பத் திருப்பு," என்பாள் காதுக்குள். சுவர் பக்கத்தில்கூட வராது. அந்த ஞாயிறுகளில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு அவளுக்கு வங்கியில் தணிக்கை வந்தது. அது முடிந்ததும் அவள் அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. ஞாயிறுகள் ஒவ்வொன்றாகத் தவறின. யாரையும் குறை சொல்ல முடியாது. நான் தனியாக ஓட்டிப் பார்த்தேன். அவள் பக்கம் ஆளில்லாமல் தூக்கிக்கொள்ள, வண்டி வலப்பக்கம் சாய்ந்து சுவரை உரசிக்கொண்டே போயிற்று.

லேக் மார்க்கெட்டில் இட்லி மாவு கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும், பேச்சுத்துணை கிடைக்காது. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மாவை மற்றவர்களைப் போல நானும் காக்கிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவேன். படியில் எதிர்ப்படும்போதெல்லாம், "பௌமா கபே ஆஷ்பே?" என்பார். மருமகள் எப்போது வருவாள் என்று கேட்கிறார். "துர்கா பூஜைக்கு," என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். பூஜையும் வந்தது. ஊரே புதுத்துணி உடுத்தித் தெருவில் இறங்கியது. மாற்றல் எந்த நிமிடமும் வரலாம், வீணாக எதற்கு அலைச்சல் என்று அவளும் வரவில்லை, நானும் போகவில்லை. தனியாக இருப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. போனில் கேட்டால் மட்டும், "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்," என்பேன்.

அந்த விடுமுறையில் ஒரு பகல். தெருமுனைப் பந்தலில் மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. வண்டி மறுபடியும் சுவரில் உரச, எரிச்சல் தலைக்கேறியது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் எங்கள் தொழிலில் யாரும் வருத்தப்பட்டுக்கொண்டிருக்க மாட்டோம். மறுபக்கம் பாரம் ஏற்றி நிமிர்த்திவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். கை பழக்கத்தில் அதையே செய்தது. அவள் இருக்கையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரும்புக் கட்டை ஒன்றை வைத்தேன். பக்கவாட்டு த்ரஸ்டர்களையும் என் பொத்தான்களோடு இணைத்துக்கொண்டேன். வண்டி கோடு போட்ட மாதிரி ஓடியது. நாங்கள் இருவரும் சேர்ந்து ஓட்டிய வேகத்தை முதல் சுற்றிலேயே தாண்டிவிட்டேன். அதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அறையில் யார் இருக்கிறார்கள்?

பூஜை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் விளையாட்டுக்குள் வந்தாள். திரையில் அவள் உருவம் வண்டியை ஒருமுறை சுற்றிவிட்டு இடப்பக்கம் போய் நின்றது.

"என் சீட் எங்கடா?"

"பேலன்ஸுக்கு வெயிட் வச்சிருக்கேன். நீதான் வர்றதே இல்லையே."

"எப்படி ஓடுது?"

வேலை விஷயத்தில் எனக்குப் பொய் வராது. "நேரா ஓடுது. நாம ஓட்டினதை விட வேகம்," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.



"டிரான்ஸ்ஃபர் வந்திருச்சுடா," என்றாள். "இங்கேயே இருந்தா ப்ரமோஷன் தர்றேங்கறாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும். உன்னைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னுதான் வந்தேன்."

"வந்துரு," என்றேன். "நீ இல்லாம என்னால இங்க முடியல."

அவசர அவசரமாகக் கட்டையை எடுத்துவிட்டு இருக்கையைப் பொருத்தினேன். வண்டி வலப்பக்கம் சாய்ந்தது.

"ஏறு. ஒரு சுத்து போலாம்."

"அதான் நேரா ஓடுதுன்னியேடா."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எப்படியாவது சமாதானப்படுத்தியிருப்பேன். அந்த உருவம் ஏறவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு மறைந்துபோயிற்று.

மறுநாள் காலையில், கோயம்புத்தூரிலேயே இருந்துகொள்வதாக வங்கியில் சொல்லிவிட்டாள். என்னிடம் சொன்னது அன்று சாயங்காலம்தான்.