தேர்ட்டி-தேர்ட்டிக்குப் பொட்டு வைத்த வீடு

என் கணவர் ஒரு வேட்டைக்காரர். மான் வேட்டைக்காரர். இதுவரை ஒரு மானையும் சுட்டதில்லை என்பதைத் தவிர வேட்டைக்காரருக்குரிய எல்லா இலட்சணமும் அவரிடம் இருந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாங்கள் கனடாவின் பிரெஞ்சுப் பக்கத்தில், வில்லரேயில் ஒரு மேல்மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு கார்தெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தேன். பிரெஞ்சும் அந்தப் பிள்ளைகளிடம்தான் படித்தேன். ஆகையால் என் பிரெஞ்சுக்கு அன்றைக்கும் நாலு வயது, இன்றைக்கும் நாலு வயது. அவருக்கு லொங்குய்யில் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. காலையில் மெட்ரோவில் ஆற்றைக் கடந்து போய் அலுமினியச் சட்டம் அறுப்பார். ஒன்பது வருடமாக அங்கே உள்ளவர்கள் அவரோடு ‘பொன்ஜூர்’, ‘மெர்சி’ தவிர வேறெதுவும் கதைத்ததில்லை. பிறகு ஒரு நவம்பரில், திடீரென்று, ஃபோர்மன் வந்து மான் வேட்டைக்குத் துணைக்கு வாறியா என்று கேட்டாராம்.

“விறகு தூக்க ஆள் காணாமல் இருந்திருக்கும்” என்றேன் நான்.

நாலு நாள் கழித்துக் காட்டிலிருந்து வந்தார். மான் வரவில்லை. காற்சட்டைப் பையில், சுட்டு முடிந்த ஒரு துப்பாக்கி ரவையின் வெற்றுக் கோது வந்தது. என் சின்னவிரல் நீளம், பித்தளை நிறம். அதற்குப் பெயர் தேர்ட்டி-தேர்ட்டி. நூறு வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்து மனுசர் மான் சுடுகிற ரவை அதுதானாம். ஃபோர்மனின் அப்பாவும் அதைத்தான் சுட்டவராம், அப்பப்பாவும் அதைத்தான் சுட்டவராம்.

அன்று தொடங்கியது பிடித்த சனியன். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தால் தேர்ட்டி-தேர்ட்டி. தலைக்கு எண்ணெய் வைத்தால் தேர்ட்டி-தேர்ட்டி. “பெரிய சத்தமில்லை, தோளை நோகப்பண்ணாது, ஒருநாளும் ஏமாத்தாது” என்று சொல்லும்போது அவர் முகம் கனிந்துபோகும். என்னைப் பற்றி இந்த மூன்றில் ஒன்றையாவது அவர் யாரிடமும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனால், ஆண்கள் எல்லாரும் பேஸ்மெண்டில் இருந்து வீட்டுக் கடன் கதைப்பார்கள். நடுவில் இவர் தொடங்குவார். “இப்ப வாற பெடியள் ஐந்நூறு யார் தூரம் போற ரவை வேணுமெண்டு நிக்கிறாங்கள். அடர்ந்த காடு. எழுவது யாருக்கு அங்கால மான் கண்ணிலயே படாது. பேந்து என்னத்துக்கு ஐந்நூறு யார்? மானைக் கொல்லவோ, பக்கத்து ஊரானைக் கொல்லவோ?” இது ஃபோர்மனின் வசனம். தமிழில் சொன்னதால் தன்னுடையது ஆகிவிட்டது என்று நினைத்தார்.

ஒருவர் கேட்டார்: “அண்ணை, நீங்கள் எத்தினை மான் சுட்டனீங்கள்?”

“அது முக்கியமில்லைத் தம்பி” என்றார் என் வேட்டைக்காரர்.

இரண்டாவது வருடமும் போய் வந்தபின் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார். துவக்கு வைத்திருக்க அனுமதி கேட்கிற படிவம். அதில் மனைவி கையெழுத்து வைக்க ஒரு இடம் இருந்தது. நான் வைக்காவிட்டால் எனக்குத் தொலைபேசி எடுத்து, அம்மா உமக்கு ஏதும் பயமா என்று கேட்பார்களாம். இருபது வருடக் கலியாணத்தில் எந்தக் காரியத்துக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காத மனுசனை, இந்த நாட்டு அரசாங்கம் படிவத்தோடு என் முன்னால் நிற்க வைத்துவிட்டது. கனடா மேல் எனக்கு இருந்த மதிப்பு அன்றைக்கு இரண்டு மடங்கு கூடியது.

“வைக்கமாட்டன்” என்றேன்.

“ஏன்?”

“என்ரை வீட்டுக்குள்ள துவக்கு வராது. அவ்வளவுதான்.”

காரணம் அவருக்குத் தெரியும். ஊரில் சத்தம் கேட்டால் விழுந்து படுக்கப் பழகிய உடம்பு இது. இங்கே வந்த முதல் வருடம், ஜூன் மாதத் திருவிழாவுக்கு வாணவேடிக்கை விட்டார்கள். முதல் வெடி கேட்டதும் மகளையும் இழுத்துக்கொண்டு சமையலறை மேசைக்குக் கீழே போய்விட்டேன். அவர் வாசல் நிலையில் சாய்ந்து நின்று விழுந்து விழுந்து சிரித்தார். “இஞ்சேரும், இது வாணவேடிக்கை. கனடாக்காரன் குண்டு போடமாட்டான்.” ஒவ்வொரு ஜூனும் இதே கூத்து. நான் மேசைக்குக் கீழே, அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பு. ஓம், எனக்குப் பயம்தான். இந்தச் சத்தங்கள் இல்லாத ஒரு வீடு வேண்டும் என்பதற்காகத்தான் கடல் தாண்டி வந்தேன். அந்த வீட்டுக்குள் அவர் காசு கொடுத்து ஒரு துவக்கை வாங்கி வைக்கப்போகிறாராம்.

படிவம் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்தின் கீழே மாதக் கணக்காகத் தொங்கியது. ஒருநாளும் அவர் என்னைக் கெஞ்சவில்லை. பெருமூச்சு மட்டும் விடுவார். யாராவது வந்தால் அதைக் காட்டி, “என்ன செய்யிறது, வீட்டில விடுறா இல்லை” என்பார். வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் தேத்தண்ணி ஊற்றுவேன்.

அந்த ஒக்டோபரில் சரஸ்வதி பூசை வந்தது. எல்லார் வீட்டிலும் போல நாங்களும் ஆயுதங்களைச் சாமித்தட்டில் வைத்தோம். மகளின் புத்தகங்கள், என் கத்தரிக்கோல், அவருடைய துளைபோடும் மெசின், கார்த் திறப்பு. பூசை முடிந்து பார்த்தால் சரஸ்வதிக்கும் முருகனுக்கும் நடுவில் அந்த ரவைக் கோது நிற்கிறது. சந்தனம் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, பக்கத்தில் ஒரு செவ்வந்திப் பூ வேறு.

“இதென்ன கோதாரி?” என்றேன்.

“ஆயுத பூசைதானே. இதுதான் ஆயுதம். மற்றதெல்லாம் சாமான்.”

“அந்தச் சாமான்தான் உங்களுக்குச் சோறு போடுது.”

“முருகனே வள்ளியிட்டை வேடனாத்தான் போனவர்” என்றார். பூசைத் தட்டிலிருந்து எடுத்து எறிய எனக்கு மனம் வரவில்லை. கோது அங்கேயே நின்றது. தினமும் விளக்கேற்றும்போது அதற்கும் சேர்த்துத்தான் கும்பிட்டுத் தொலைத்தேன்.

நவம்பரில் கந்தசஷ்டி. நான் விரதம். ஐந்தாம் நாள் பின்னேரம் கீழே ஒரு பெரிய டிரக் வந்து நின்றது. ஃபோர்மன் மாடிப்படி ஏறி வருகிறார், கதவை அடைக்கிற ஆள், தோளில் ஒரு முழு மான் தொடை. என் கணவருக்கு அந்த வருடம் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. அதனால் அவருடைய பங்கை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார் நல்ல மனுசன். விரத வீட்டு வாசலில் இறைச்சி! எனக்கு வந்த கோபத்தில் வேலும் மயிலும்கூட மறந்துபோனது.

“உள்ளுக்க வரக்கூடாது! கொண்டுபோங்கோ அதை!” என்று என் கணவரிடம் கத்தினேன். இவர் தொடையை வாங்கிக்கொண்டு, கீழ்வீட்டு இத்தாலிய அம்மாவின் ஃபிரீசரில் வைக்க ஓடினார். நான் ஃபோர்மனுக்குக் கதிரையைக் காட்டினேன். என்ன இருந்தாலும் வீட்டுக்கு வந்த ஆள்.

அவர் அதில் இருக்கவில்லை. சாமித்தட்டைப் பார்த்துவிட்டார். கிட்டப் போனார். குனிந்தார். கோதை அடையாளம் கண்டதும் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மெய்யாகத்தான் சொல்கிறேன், அந்த மலைக்குக் கண் கலங்கிவிட்டது. தன் அப்பாவும் இதை இவ்வளவு மரியாதையாக வைத்ததில்லை என்றார். விளக்கிச் சொல்ல என் நாலு வயதுப் பிரெஞ்சில் சரஸ்வதிக்கு வார்த்தை இல்லை. தலையை ஆட்டினேன்.

அதோடு முடிவெடுத்துவிட்டார். தன் அப்பாவின் தேர்ட்டி-தேர்ட்டித் துவக்கை, அந்தப் பழைய துவக்கை, என் கணவருக்கே கொடுக்கப்போகிறாராம். மகன்களுக்கு அதன் அருமை தெரியாதாம். பிறகு குரலைத் தாழ்த்தினார். எனக்கு விளங்க வேண்டும் என்று சின்னச் சின்ன வார்த்தையாகக் கதைத்தார். போதாததற்குக் கையாலும் காட்டினார். “பூம்” என்றார். இரண்டு காதையும் பொத்தினார். உள்ளங்கையை நிலத்தை நோக்கித் தாழ்த்தினார். என் கணவர். நிலத்தில். ஒவ்வொரு தரமும்.

முதல் தரம் தாங்கள் சிரித்ததாகச் சொன்னார். மான் விழ முதல் இவர் விழுந்துவிட்டாராம், முகத்தைச் சேற்றுக்குள் புதைத்துக்கொண்டு. பிறகு யாரும் சிரிக்கவில்லையாம். இப்போது சுடுவதற்கு முன்னால் ஃபோர்மன் இவர் தோளில் ஒருதரம் கையை வைப்பாராம். அப்போது இவர் குந்தி இருந்து காதைப் பொத்திக்கொள்வாராம். இந்தக் கதை எதையும் வீட்டில் சொல்லவேண்டாம் என்று இவர் கேட்டவராம். “சொந்தத் துவக்கு வந்தால் பயம் போய்விடும்” என்றார் ஃபோர்மன்.

என் கணவர் ஓயாமல் சொன்னது நினைவுக்கு வந்தது. பெரிய சத்தமில்லை. தோளை நோகப்பண்ணாது. பாவி மனுசா, அது தோளை நோகப்பண்ணாது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழ நேரமில்லை, படியில் அவர் காலடி கேட்டது.

ஃபோர்மன் ஃபிரிட்ஜ் கதவிலிருந்த படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். தன் சட்டைப்பையிலிருந்து பேனையையும் எடுத்து வைத்தார். இவர் உள்ளே வந்ததும் செய்தியைச் சொன்னார். பெண்சாதியின் ஒரு கையெழுத்துத்தான் குறை, துவக்கு உன்னுடையது.

நான் பேனையை எடுத்தேன். வைத்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு ஆசை, இவ்வளவு வெட்கம், போகட்டும், என் பயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். மூடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தேன்.

முகத்தில் ஈயாடவில்லை. உதடு காய்ந்துபோயிருந்தது. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆசைப்பட்டவன் முகமில்லை அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதக் கணக்காக அவர் ஏன் ஒருநாளும் கெஞ்சவில்லை என்று. ‘வீட்டில விடுறா இல்லை’ என்று ஊர் முழுக்கச் சொன்னது என்னைக் குறைசொல்வதற்கல்ல. அதற்குப் பின்னால்தான் அவர் ஒளிந்துகொண்டிருந்தார்.

கார்தெரியில் ஒவ்வொரு பிள்ளையும் முதலில் படிக்கிற வார்த்தை ஒன்று இருக்கிறது. அதை நான் மிகத் திருத்தமாகச் சொல்வேன்.

“நொன்!” என்றேன். மேசையில் ஓங்கி ஒரு அடி. “நொன், நொன், நொன்!” ஃபோர்மன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எனக்குப் பிரெஞ்சு முடிந்துவிட்டது. தமிழில் தொடங்கினேன். “துவக்கு வந்தால் நான் மகளையும் கூட்டிக்கொண்டு போயிடுவன்! ஆளும் வேட்டையும்! சொல்லுங்கோ அந்தாளுக்கு!”

“ஏனப்பா இப்பிடி…” என்றார் இவர். குரலில் என்ன ஒரு சோகம். நடிப்பென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஃபோர்மன் பேனையை எடுத்துக்கொண்டார். எனக்கு மரியாதையாகத் தலையசைத்தார். போகும்போது இவர் தோளில் ஒருதரம் கையை வைத்துவிட்டு, பெண்சாதிமார் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்றோ என்னவோ சொல்லிக்கொண்டு படியிறங்கினார்.

டிரக் போனபின் இவர் சொன்னார்: “நீர் அந்தாளுக்கு முன்னால அப்பிடிக் கத்தியிருக்கக்கூடாது.”

“ஓம். பிழைதான்.”

அதற்குப் பிறகும் ஒவ்வொரு நவம்பரும் போனார், கையில் துவக்கில்லாமல். டொலார்ட் பேஸ்மெண்டில் தேர்ட்டி-தேர்ட்டியின் அருமையைச் சொல்லி முடித்துவிட்டு, “எனக்கும் ஒண்டு வரவேண்டியது, வீட்டில விடேல்லை” என்பார். பெண்கள் எல்லாரும் என்னை ஒரு சூர்ப்பனகையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். “ஓம், விடமாட்டன்” என்பேன்.

அடுத்த ஜூனில் வாணவேடிக்கை தொடங்கியது. உண்மையைச் சொன்னால், அந்த வருடம் எனக்கு அவ்வளவு பயமில்லை. இருந்தாலும் மேசைக்குக் கீழே போனேன். அவர் வழக்கம்போல வாசல் நிலையில் நின்று சிரித்தார். நிலையை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இஞ்சேருங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு. கொஞ்சம் பக்கத்தில வந்து இருங்கோவன்.”

“சரியான பயந்தாங்கொள்ளி. உமக்காகத்தான் வாறன்” என்றார். நான் தள்ளி இடம்விட முதலே உள்ளே வந்துவிட்டார்.