நெய் விழுந்த சொதி

என் தங்கை என் வீட்டில் கை நனைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் நான்தான். வேறு யார் தலையிலும் அதைக் கட்ட முடியாது.

நசரத்பேட்டையில் இந்த ஃபிளாட்டை வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்த அன்று நடந்தது. அப்போதுதான் அவள் வீகனாக மாறியிருந்தாள். கறி, மீன், முட்டை மட்டுமில்லை. பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புனேவுக்குப் போனதும் புதுசாக ஒரு சீக்கு பிடித்துக்கொண்டது என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். பந்தியில் பாயசம் வந்தபோது, "இதுல பால் இருக்காக்கா?" என்று என்னைத்தான் கேட்டாள். "தேங்காய்ப்பால்தான், குடி" என்றேன். பாதிக் கிண்ணம் குடித்த பிறகு, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி, "பசும்பாலுதான்டி. செத்தா போயிட்ட?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இலையை மடிக்காமல், பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாள்.

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. போடவில்லை. அதன் பிறகும் சென்னைக்கு வந்தால் என்னைப் பார்க்க வருவாள், பேசுவாள், என் பிள்ளைக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பாள். நான் எதை நீட்டினாலும், "இப்பதான்க்கா சாப்ட்டேன்" என்பாள். தண்ணீர் மட்டும் குடிப்பாள். ஒருமுறை அவள் கைப்பையில் சின்ன டிபன் பாக்ஸைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு எதிலும் மனம் ஓடவில்லை.

போன மாதம் போன் செய்தாள். பூந்தமல்லியில் அவள் வீட்டுக்காரருடைய சிநேகிதர் மகளுக்குக் கல்யாணம். ஹோட்டலில் அறை கிடைக்கவில்லையாம். "ரெண்டு நாள் உங்க வீட்ல தங்கிக்கலாமாக்கா? சாப்பாடு நாங்க வெளியில பாத்துக்கிறோம்" என்றாள்.

"வெளியில சாப்புடுறதுன்னா வெளியிலேயே படுத்துக்க" என்று போனை வைத்துவிட்டேன். எனக்கு வாய் அப்படி. கால் மணி நேரம் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். பிறகு நானே கூப்பிட்டேன். "சொதி வைக்கிறேன். ஒரே ஒரு வேளை. பால், நெய் எதுவும் இருக்காது" என்றேன். "சரி" என்றாள். அந்தச் சரியில் பாதிதான் சரி இருந்தது.

சொதி எங்கள் அப்பா வழி வந்த சாப்பாடு. அவர் திருநெல்வேலியிலிருந்து ஆவடி ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் சொதி கொதித்தால் அந்த வரிசைக்கே தெரியும். பாசிப்பருப்பும் காய்கறியும் தேங்காய்ப்பாலும்தான். மாட்டுப்பாலுக்கு அதில் வேலையே இல்லை. அவளுக்கு உயிர்.

அன்றைக்குக் காலையில் அடுக்களையைத் துடைத்துக் கழுவினேன். பால் பாக்கெட், தயிர், வெண்ணெய், நெய் ஜாடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பின்பக்க பால்கனியில் இருந்த பழைய ஃபிரிட்ஜில் வைத்தேன். தாளிக்கும் கரண்டியைக்கூடப் புதிதாக வாங்கினேன். தேங்காய்க் கடைக்காரர், "இன்னாக்கா, ஒரே நேரத்துல நாலு காயி? ஊட்ல விசேசமா?" என்றார். தங்கச்சி சாப்பிட வருகிறாள் என்றேன். "தங்கச்சி வர்றதுக்கா இம்மாம் சந்தோசம்?" என்று நல்ல காயாகத் தட்டிப் பார்த்துக் கொடுத்தார். நான்கில் ஒன்று வெள்ளிக்கிழமை சாமிக்கு உடைக்க.

சாயங்காலம் வந்து சேர்ந்தார்கள். அவள் வீட்டுக்காரர் வீகன் கிடையாது. வீட்டில் அவளுக்காக அடங்கி இருப்பார், வாசலைத் தாண்டிவிட்டால் எதையும் விடமாட்டார். அவரும் என் வீட்டுக்காரரும் ஹாலில் உட்கார்ந்து பெங்களூர் ஹைவே டிராஃபிக்கைத் திட்ட ஆரம்பித்தார்கள். தங்கை குளிக்கப் போனாள். நான் அடுக்களையில்.

மூன்று காயையும் துருவி, அரைத்து, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்தேன். மூன்றாம் பாலில் காய்கறியை வேகவைத்து, இரண்டாம் பால் விட்டு, வெந்த பருப்பைச் சேர்த்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த சாறு விட்டு, கடைசியில் முதல் பாலை ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கினேன். இஞ்சித் துவையல் அரைத்தாயிற்று. உருளைக்கிழங்கு வறுத்தாயிற்று. இனித் தாளிக்க வேண்டியதுதான். தேங்காய் எண்ணெய் பாட்டிலை அதற்கென்றே மேடையில் எடுத்து வைத்திருந்தேன்.

ஹாலில் இருந்து, "எலுமிச்சம்பழம் எங்கக்கா, நான் புழியட்டுமா?" என்று அவள் கேட்டாள். அவளாக என் அடுக்களையைப் பற்றிக் கேட்டதில் எனக்கு அவ்வளவு பூரிப்பு. "நீ உக்காரு, நான் பாத்துக்கிறேன்" என்று திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டே தாளித்தேன். கடுகு வெடித்தது. கறிவேப்பிலை பொரிந்தது. அப்படியே சொதியில் கொட்டினேன். கொட்டிய பிறகுதான் மணம் வந்தது.

நெய் மணம்.

அடுப்புக்கு இடது பக்கம், மசாலா டப்பாவுக்குப் பின்னால், எந்த வீட்டில் இருந்தாலும் இருபது வருடமாக நான் வைக்கிற அதே இடத்தில் நெய் ஜாடி இருந்தது. என் கை அங்கே போய் எடுத்திருக்கிறது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எந்தச் சாமானும் அதன் இடத்தில் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"இதை யாரு இங்க வச்சது?"

"நான்தான். பால்கனி ஃபிரிட்ஜுல போய்க் கெடந்துச்சு. அதோட எடத்துல வச்சேன்."

நடந்ததைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. சொதியைக் குனிந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு கரண்டிதானே. இஞ்சி வாசத்துல தெரியாது. சொல்லாத, விட்டுரு. பாவம், ஆசையா வந்திருக்கு" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் ஒரு நிமிடம் அதுதான் சரி என்று தோன்றியது. மூன்று காய் போயிற்று. மணி எட்டாகப் போகிறது. மூன்று வருடத்துக்குப் பிறகு ஒருத்தி சாப்பிட உட்காரப்போகிறாள். இப்போது போய் நெய் என்று சொன்னால், வேண்டுமென்றேதான் செய்தேன் என்று நினைப்பாள். நினைத்தால் அவள் மேல் தப்பும் இல்லை. சொல்லாவிட்டால் சாப்பிடுவாள், நல்லா இருக்குக்கா என்பாள். அந்த நல்லா இருக்குவை என்னால் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது.

கரண்டியும் கையுமாக ஹாலுக்குப் போய் அவளை உள் அறைக்குக் கூப்பிட்டேன். "சொதியை நெய்யில தாளிச்சுட்டேன்" என்றேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். "எப்போ?"

"இப்பதான். கை தவறிப் போச்சு. வேணும்னு பண்ணல. நீ நம்புனாலும் சரி, நம்பாட்டியும் சரி."

"நான் பாக்கலையே."

"பாக்கல."

"அப்புறம் ஏன்க்கா சொன்ன?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? அதையும் குடிச்சுட்டு நல்லா இருக்குக்கான்னு நீ சொன்னா, நான் எங்க போய் முட்டிக்கிறது?" கோபமாகத்தான் ஆரம்பித்தேன். பாதியில் கோபம் போய்விட்டது. "அன்னிக்குப் பாயசத்துல பண்ணது தப்புதான்டி. அத்தனை பேரு முன்னாடி உன்னைக் கேவலப்படுத்திட்டேன். மூணு வருசமா சொல்லணும்னு இருக்கேன். வாய் வரல. கண்டதுக்கெல்லாம் வருது, இதுக்கு வரல."

அவள் சேலை நுனியை மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "குவார்ட்டர்ஸ் பின்னாடி ஒரு பால்காரர் மாட்டை ஓட்டிட்டு வந்து கறப்பாரே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. அவர் மாட்டுடைய கன்று செத்துப்போய், அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தைத்து, மாட்டின் முன்னால் நிறுத்துவார். மாடு அதை நக்கிக்கொண்டே பால் விடும்.

"எனக்கு ஆறு வயசு. ஏன்க்கா அந்தக் கன்னுக்குட்டி அசையவே மாட்டேங்குதுன்னு உன்கிட்ட கேட்டேன். நின்னுகிட்டே தூங்குதுன்னு சொன்ன. நான் நம்பி தினமும் போய்த் தடவிக் குடுத்துட்டு வருவேன், சத்தம் போடாம. ஒரு நாள் காதுகிட்ட தையல் பிரிஞ்சு வைக்கோல் கையோட வந்துச்சு. அழுதுகிட்டே உன்கிட்டதான் ஓடி வந்தேன். நீ சிரிச்ச."

"அதுக்காகவா பால விட்ட?"

"அதுக்காகன்னு இல்லக்கா. ஆனா பால்னா எனக்கு அதான் ஞாபகம் வரும். நீ இதுவரைக்கும் ஏன்னு ஒரு தடவகூடக் கேக்கல."

கேட்கவில்லைதான். கேலி செய்ய நேரம் இருந்தது, கேட்க நேரம் இல்லை. பதினோரு வயதில் நான் அவளிடம் சொன்னது எனக்குத் துளியும் ஞாபகம் இல்லை. ஆனால் நான் சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் உருவிக்கொள்ளவில்லை.

"காய் மிச்சம் இருக்கா?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

சாமிக்கு வைத்திருந்த ஒன்றுதான் இருந்தது. சாமி கோபித்துக்கொண்டால் நான் பேசிக்கொள்கிறேன் என்று எடுத்து உடைத்தேன். அவள் துருவினாள். நான் மிச்சம் கிடந்த ஒரு முருங்கைக்காயையும் இரண்டு கேரட்டையும் நறுக்கினேன். பருப்பு போதவில்லை. பாலும் போதாமல் தண்ணீர் விட்டு இழுத்தோம். இந்த முறை தேங்காய் எண்ணெயை அவளே எடுத்துக் கொடுத்தாள். அத்தானை அடுக்களைப் பக்கம் விடாதே என்றாள். அத்தான் கதவுக்கு அந்தப் பக்கம் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டு, "நான் எடத்துல வச்சது ஒரு தப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நெய் சொதியை ஆண்கள் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அவள் வீட்டுக்காரர் மூன்று முறை சோறு வாங்கினார். எங்கள் சொதி ஓடியது. இலையில் நிற்கவே இல்லை. சோற்றைக் குழித்து அதற்குள் ஊற்றினேன். நானும் அதையே போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் நான் வைத்த மட்டமான சொதி அதுதான்.

அவள் துவையலைத் தொட்டுச் சாப்பிட்டாள். உருளைக்கிழங்கைச் சாப்பிட்டாள். அப்பளம் எடுத்தாள். இதில் என்ன இருக்கிறது, எதில் வறுத்தாய் என்று எதையுமே கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு ஒவ்வொன்றாக மனதுக்குள் தயாராக வைத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் சொதி என்று கையைக் காட்டினாள். ஊற்றினேன்.

சாப்பிட்டு முடித்து இலையைத் தன் பக்கமாக மடித்தாள். நான் அதைப் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து கை கழுவப் போகிறவள் அடுக்களை வாசலில் நின்று, ரொம்பச் சாதாரணமாக, "காலைல என்னக்கா டிபன்?" என்று கேட்டாள்.

"இட்லி" என்றேன்.