கல்லின் வலது பாதி

ஜிப்பக்காவுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் அவளுக்கு உட்காரத் தெரியாது. மார்க்கெட் மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசையும் ஒரு ஸ்டூலும் போட்டால் நிறைந்துவிடுகிற கடை. பள்ளிப் பை, பயணப் பெட்டி, குளிர்ச்சட்டை என்று ஜிப் போன எதுவும் அவளிடம்தான் வரும். விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, ரன்னரை மாற்றினால் போதுமா, முழு ஜிப்பையும் பிரிக்க வேண்டுமா என்று சொல்லிவிடுவாள். சொல்லும்போதே எழுந்து நின்றிருப்பாள். எதிரே செருப்புக் கடை வைத்திருப்பவர், "அந்த ஸ்டூலை எனக்குக் குடுத்துடேன், உனக்கு எதுக்கு அது?" என்பார். அவளுக்குப் பதில் தோன்றும்போது அவர் வேறு ஆளிடம் பேசிக்கொண்டிருப்பார்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு அந்த ஸ்டூலில் அவள் உட்காருவதே நின்றுபோனது. இதயம் தளர்ந்துவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அம்மா கலங்கவில்லை. கட்டிலில் சாய்ந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"என் இடத்துக்கு எழுதிக் குடுத்துட்டியா?"

அம்மாவின் இடம் என்றால் கல்லறைத் தோட்டத்தில் அவளுடைய அப்பாவுக்குப் பக்கத்து இடம். அம்மாவைப் பெற்றவள் பிரசவத்திலேயே வெளியூரில் போய்ச் சேர்ந்துவிட்டாள். பெற்றவளின் அக்கா, அம்மாவுக்குப் பெரியம்மா, பிள்ளையைத் தூக்கி வந்து வளர்த்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை, அப்பா எங்கே, அப்பா எங்கே என்று நச்சரித்தது. சாப்பிடக் கூப்பிட்டாலும் வாசற்படியை விட்டு எழுந்து வராது. ஒரு நாள் பெரியம்மா அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கல்லறைத் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே ஒரு கல்லின் முன்னால் நிறுத்தினாள். "இதோ இருக்காரு உங்கப்பா. நீ பொறந்த மறு வருஷமே போயிட்டாரு. இனிமே வாசல்ல உக்காராதே."

கல்லின் இடது பாதியில் அப்பாவின் பெயரும் இறந்த வருஷமும் வெட்டியிருந்தன. வலது பாதி வழவழவென்று வெறுமையாக இருந்தது. அது தனக்காக விட்டது என்று பிள்ளை அன்றே தீர்மானித்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு ஆயுள் முழுக்க அம்மா அந்தக் கல்லுக்குப் போய்வந்தாள். கழுவுவாள், புல் பிடுங்குவாள், பூ வைப்பாள், பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுச் சங்கதி அத்தனையும் ஒப்பிப்பாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது, மாப்பிள்ளை குடிகாரன் என்று தெரியவந்தது, மகள் பிறந்தது, மகளுக்குப் படிப்பு ஏறாதது எல்லாம் அந்தக் கல்லுக்குத் தெரியும்.

ஜிப்பக்கா தோட்டத்து அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த எழுத்தர் அம்மாவின் பிறப்புச் சான்றிதழை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது போதாதும்மா."

"தகப்பன் பேர் ஒத்துப்போகுதே சார்."

"இந்தப் பேர்ல இங்க ஒரு வரிசையே படுத்திருக்கு. அதுல எந்த ஆளுன்னு தெரிய வேணாமா? உயில் இருக்கா பாரு. இல்லாட்டி பழைய சென்சஸ் நகல் ஏதாவது கொண்டுவா. உறவுன்னு தெரியணும். அடுத்தவங்க இடத்தைத் தோண்டிட்டு நான் எவனுக்குப் பதில் சொல்றது?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கடையை மூடிவிட்டு ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பெயரையும் வருஷத்தையும் எழுதிக் கொடுத்தாள். இரண்டாம் தடவை போனபோது உயில் தயாராக இருந்தது. காப்பகத்துப் பெண் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனாள். ஜிப்பக்கா எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே வாங்கிய இடத்தில் தன்னைப் புதைக்க வேண்டும், கல்லில் பாதியைத் தன் மனைவிக்காக விட்டுவைக்க வேண்டும் என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். அதே கல்தான், சந்தேகமில்லை. வீடு மனைவிக்கு, கடிகாரக் கடை இரண்டு மகன்களுக்கு. மகள் என்று ஒரு வார்த்தை இல்லை.

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தாத்தா தராசு பழுது பார்க்கிறவர் என்றல்லவா அம்மா சொல்வாள்? பாட்டி பிரசவத்தில் போன மறு வருஷம் எழுதிய உயிலில் உயிரோடு ஒரு மனைவி எங்கிருந்து வந்தாள்? படியிறங்கும்போது பதில் கிடைத்துவிட்டது. அம்மா சின்ன வீட்டுப் பிள்ளை. பெரிய மனிதர் ஒரு வீட்டில் கடிகாரக்காரராகவும் இன்னொரு வீட்டில் தராசுக்காரராகவும் இருந்திருக்கிறார்.

அந்த வாரம் அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. கையில் எடுத்த பையைக் கீழே வைப்பாள், வைத்ததை எடுப்பாள். மார்க்கெட்டின் இந்த வாசலிலிருந்து அந்த வாசல் வரை நடந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவாள். ஒரு கல்லூரிப் பெண் வந்து, "அக்கா, பை அடிப்பக்கமா திறக்குது" என்று நீட்டினாள். ஜிப் தலைகீழாகத் தைத்திருந்தது. அவள் கைக்கு அப்படி நேர்ந்ததே இல்லை.

வீட்டில் அம்மா விடவில்லை.

"கெடைச்சுதா?"

"தேடுறாங்கம்மா."

"செத்தவரைத் தேட இத்தனை நாளா? அவரு எங்கயும் எந்திரிச்சுப் போகலையே."

ஜிப்பக்கா பாத்திரம் கழுவப் போனாள். சின்ன வீடு என்றாலும் உறவு உறவுதான், அதற்காவது ஒரு அத்தாட்சி கிடைக்காதா என்று மறுபடி காப்பகத்துக்கு ஓடினாள்.

"உங்கம்மா சின்னப் பிள்ளையா இருந்தப்ப எடுத்த சென்சஸை இந்த வருஷம்தான் எல்லாரும் பாக்கலாம்னு திறந்துவிட்டிருக்காங்க" என்றாள் காப்பகத்துப் பெண். "எந்தத் தெருன்னு சொல்லுங்க, பாத்துடலாம்."

தெரு தெரியும். திரையில் வீடு வீடாக நகர்த்திக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள் அந்தப் பெண். குடும்பத் தலைவி: பெரியம்மா. தொழில்: சலவைக்கூட ஊழியர். அடுத்த வரி: தங்கை மகள், வயது ஆறு. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு கேள்வி கூடுதலாக இருந்தது. பெற்றோர் உயிருடன் உள்ளனரா?

தாய் இல்லை. தந்தை இருக்கிறார்.

ஜிப்பக்கா இன்னொரு முறை வாசித்தாள். கல்லில் இருப்பவர் இதற்கு ஐந்து வருஷம் முன்பே இறந்தவர். அப்படியானால் அவர் தாத்தா இல்லை. சின்ன வீடும் இல்லை, பெரிய வீடும் இல்லை. தராசு பழுது பார்க்கிற மனிதர் பிள்ளையை மனைவியின் அக்கா தலையில் கட்டிவிட்டு எங்கோ நடையைக் கட்டியிருக்கிறார். சர்க்கார் ஆளிடம் பொய் சொல்லப் பெரியம்மாவுக்குப் பயம். பிள்ளையிடம் சொல்லப் பயமில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த பிள்ளையை எழுப்ப அவளுக்கு ஒரு சாவு தேவைப்பட்டது. துணிக்கடையில் நிறம் ஒத்துப்போகிற துணியைத் தேடுகிற மாதிரி, வரிசை வரிசையாக நடந்து, பெயரும் வருஷமும் பொருந்துகிற ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

இப்போது அம்மாவுக்கு இடம் வேண்டுமென்றால் ஒரே வழிதான் இருந்தது. கல்லுக்குச் சொந்தக்காரர்களிடம் கேட்பது. அம்மாவிடம் எதையும் சொல்ல வேண்டாம், அவள் நினைத்தபடியே போய்ச் சேரட்டும் என்று ஜிப்பக்கா முடிவு செய்தாள்.

உயிலில் இருந்த தெருவில் அந்தக் கடிகாரக் கடை இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையாக இருந்தது. உயில் எழுதியவரின் பேரன் நடத்துகிறார். தலை நரைத்த மனிதர். அவள் தயங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, "கிட்டப் பார்வையா, தூரப் பார்வையா?" என்றார்.

"கண்ணாடிக்கு வரலைங்க ஐயா. உங்க தாத்தா விஷயமா வந்தேன்."

அவர் முகம் மாறியது. கல்லாப்பெட்டியைச் சாத்தினார். "பங்கு கேட்டு வந்தியா?"

"ஆமாங்க. வீட்டுல இல்ல. ஆறடிதான்."

அவருக்கு விளங்கவில்லை. சான்றிதழ், உயில் நகல், சென்சஸ் நகல் மூன்றையும் கண்ணாடி மேசைமேல் பரப்பி, முன்னும் பின்னுமாகத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நகல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கடைசியில், "அப்ப கல்லைக் கழுவினது உங்கம்மாதானா?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? எங்க குடும்பமே அதுலதான் நாசமாப் போச்சு." அவர் தன் கண்ணாடியைக் கழற்றினார். "பாட்டி ஒரு தடவை போனப்ப கல்லு பளபளன்னு இருந்திருக்கு, மேல புதுப் பூ வேற. தோட்டக்காரனைப் பிடிச்சுக் கேட்டிருக்கா. ஒரு சின்னப் பொண்ணு வரும், அப்பா அப்பான்னு பேசும், சில நாள் அழும்னு அவன் சொல்லிட்டான். அன்னிக்கு ஆரம்பிச்சுது. செத்தவர்கிட்ட சண்டை போட முடியாதுல்ல, அதனால இருக்கிற எங்க எல்லார்கிட்டயும் போட்டா. எவளுக்காவது ஏதாவது எழுதி வெச்சிருக்காரான்னு அந்த உயிலைத் தூக்கிட்டு வக்கீல் வக்கீலா அலைஞ்சா. அவருக்குப் பக்கத்துல என்னைப் போட்டீங்கன்னா எந்திரிச்சு வந்துடுவேன்னு சொல்லிட்டே செத்தா. தோட்டத்தோட கடைசி வாசல்கிட்ட தனியாத்தான் வெச்சோம்."

"நானும் உங்க தாத்தாவை அப்படித்தான் நெனச்சேன்" என்றாள் ஜிப்பக்கா. "போன வாரம் முழுக்க."

"பாவம் மனுஷன். யாருக்கு என்ன பண்ணினாரு?" என்று சொல்லிவிட்டு அவர் உயில் நகலைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாடிக்கையாளர் ஒருவர் வந்து பிரேம் கேட்டார். எடுத்துக் காட்டி அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

"கையெழுத்துதானே, போட்டுடறேன். பாட்டி வரப்போறதில்ல, இடம் சும்மாதான் கெடக்கு. ஆனா உங்கம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு வா."

"அவங்களுக்கு இதயம் சரியில்லைங்க."

"எங்க பாட்டிக்கும் இதயம் இருந்துச்சும்மா."

அவள் காகிதங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டு வாசலில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றாள். உள்ளேயிருந்து அம்மா, "யாரது, வந்தவங்க உள்ள வர மாட்டீங்களா?" என்றாள். ஜிப்பக்கா போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எழாமல் சொல்லி முடித்தாள். பெரியம்மாவைச் சொன்னாள், சென்சஸைச் சொன்னாள், கடைசி வாசல்கிட்ட தனியாக இருக்கிற அந்தப் பாட்டியையும் சொன்னாள்.

அம்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். போர்வையின் நூல் ஒன்றைப் பிடித்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப உங்கப்பன் குடிச்சுட்டு சாக்கடையில விழுந்ததையெல்லாம் நான் யார்கிட்ட சொன்னேன்?"

"கடிகாரக் கடைக்காரர்கிட்டம்மா."

"நல்ல மனுஷன். ஒரு நாளும் குறுக்க பேசல." நூலைப் பிய்த்துப் போட்டுவிட்டு, "என் அப்பன் என்ன ஆனான்?" என்றாள்.

"தெரியல. தேடச் சொன்னா தேடுறேன்."

"எதுக்கு? அவன் என்னைத் தேடினானா?" அம்மா போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "அந்தப் பாட்டி நெனப்புதான் மனசைப் போட்டு அறுக்குது. நான் போய் அழுததுக்கு அவ தனியாப் படுத்திருக்கா. அந்த இடம் எனக்கு வேணாம்டி."

"அவரு கையெழுத்துப் போடறேன்னு சொல்லிட்டாரும்மா. அவங்க இனிமே அங்க வரப்போறதில்ல."

"வராட்டி என்ன? காலியாக் கெடக்கட்டும். அது அவளுது." அம்மா புரண்டு படுத்தாள், திரும்பவும் புரண்டாள். "பெரியம்மா பக்கத்துல எடம் இருக்கா, விசாரி."

"பெரியம்மா பக்கத்துலயா? இத்தனை பெரிய பொய்யைச் சொன்னவங்க பக்கத்துலயா?"

"அதனாலதான். அவகிட்ட கேக்க வேண்டியது நெறைய இருக்கு."

சொன்னவள் போர்வையைத் தள்ளிவிட்டுக் காலைக் கீழே தொங்கப்போட்டாள். ஜிப்பக்கா பதறிப்போய்த் தோளைப் பிடித்தாள்.

"எங்கம்மா எந்திரிக்கிற?"

"அவளைப் புதைச்ச அன்னிக்குப் போனதோட சரி. எந்த வரிசைன்னே மறந்துபோச்சு. அங்க கல்லு இருக்கோ இல்லையோ. நான் இருக்கும்போது காட்டினாத்தானே நாளைக்கு நீ என்னை எடம் மாறிக் கொண்டுபோய் வைக்க மாட்டே? போய் ஒரு வண்டி பிடிச்சுட்டு வா."

"டாக்டர் அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்காரும்மா."

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, காலால் கட்டிலுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பாத்துட்டு நிக்குற? என்னால குனிய முடியல. அந்தச் செருப்பை எடுத்துப் போடு."