அருளிக்கம் தொட்ட சட்டை

நான்கு வருடத்துக்கு முன் திண்டுக்கல்லில், எங்கள் பங்குக் கோயிலுக்கு ஒரு புனிதரின் அருளிக்கம் வந்திருந்தது. அருளிக்கம் என்றால் அந்தப் புனிதருடைய எலும்பின் ஒரு சிறு துண்டு. கண்ணாடிப் பேழையில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுவருவார்கள். மக்கள் வரிசையில் வந்து முத்தி செய்வார்கள், அதாவது பேழையை முத்தமிடுவார்கள். நோயாளியால் வர முடியாவிட்டால், அவருடைய துணியைப் பேழையில் தொட்டு எடுத்துப்போவது எங்கள் வழக்கம். அந்த ஒரு நாளுக்காக எத்தனையோ மாதம் காத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து மதுரை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறேன்! மறுநாள் என் கணவருக்கு இதயத்தில் ஆபரேஷன்.

மனசு கேட்காமல் எதிர்வீட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். அக்காவுக்குச் சொந்த ஊர் நிலக்கோட்டைப் பக்கம். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவர். எங்கள் கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் குடில் பார்க்க வந்ததோடு சரி. வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது. கட்டில்மேல் என் கணவர் கழற்றிப் போட்ட சட்டையை எடுத்துப்போய் வரிசையில் நிற்க முடியுமா என்று கேட்டேன். கேட்கவே கூச்சமாக இருந்தது.

"அழுவாத தாயி, நான் போறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் விடியற்காலை பஸ் பிடித்து வந்து நின்றார். பைக்குள் சட்டை மொடமொடவென்று இருந்தது. அழுக்குச் சட்டையைச் சாமி முன்னால் நீட்டுவதாவது என்று துவைத்து, இஸ்திரியும் போட்டிருக்கிறார் மனுஷி. உடம்பு வேர்வை பட்டது என்பதற்காகத்தானே நான் அதை எடுக்கச் சொன்னேன்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. என் கணவர் வாங்கிப் பார்த்து, கல்யாணத்தன்றுகூடத் தன் சட்டை இப்படி இருந்ததில்லை என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்தபின் அப்போதுதான் சிரித்தார்.

வரிசை ரோடு வரைக்கும் நின்றதாம். முன்னால் போனதுமே தொண்டர்கள் நகரச் சொல்லி விரட்டினார்களாம். அக்கா விடவில்லை. பெரிய ஆபரேஷன் என்று கெஞ்சி, சட்டையின் இடது பை கண்ணாடியில் படும்படி திருப்பி வைத்து எடுத்திருக்கிறார். நெஞ்சு அந்தப் பக்கம்தானே என்றார்.

கணவரை உள்ளே கொண்டுபோனார்கள். சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபமாலை சொன்னேன். அக்கா பக்கத்திலேயே இருந்தார். மதியம் டாக்டர் வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார். நான் துள்ளி எழுந்தேன். அக்காவால் எழ முடியவில்லை. நாற்காலியைப் பிடித்து எழப் பார்த்து, மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். இரண்டு முழங்காலும் வீங்கிக் கிடந்தன. வருடக்கணக்கான வலியாம், முந்தின நாள் நின்றதில் கூடிவிட்டது. எதிர்வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை பாருங்கள்.

பேழைக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றீர்களே, இதற்கும் சேர்த்து ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

"செத்த நேரந்தான தாயி குடுத்தாங்க. அதுல என் காலப் பத்திப் பேசிக்கிட்டிருந்தா, தம்பிக்குக் கேக்குறது அரகொறயாப் போயிரும்ல?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கணவர் இப்போது நன்றாக இருக்கிறார். எங்கள் வீட்டு ஜெபத்தில் தினமும் அக்காவின் முழங்கால்தான் முதலில் வரும். தன் நெஞ்சுக்கு இரண்டாம் இடமா என்று அவர் கேலி செய்வார். ஆனாலும், என் தேவை ஒன்றையும் உள்ளே நுழைக்காமல், அக்காவுக்காக மட்டும் ஒரு ஜெபம் சொல்ல இன்றுவரை எனக்கு வரவில்லை.