கன்னியம்மாவின் கால்களைப் பார்த்தவர்

போன அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை நான் ஜெபிக்கவில்லை. எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தை நடத்துகிறவள் நான்தான். அந்த நான்கு மாதமும் முன்னால் நின்று கைகளை உயர்த்தினேன், வார்த்தைகளும் சரளமாக வந்தன. உள்ளே ஒன்றுமில்லை. என்னை நம்பி ஜெபக்குறிப்பு கொடுத்த சகோதரிகளே, முதலில் என்னை மன்னியுங்கள்.

நான் பத்தாவதோடு நின்றவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினாறு வருஷம் தையல் வேலை. பன்னிரண்டாவதைத் தனியாக எழுதித் தேறி, நாற்பத்திரண்டு வயதில் கரையான்சாவடிப் பக்கம் ஒரு சின்ன வேதாகமக் கல்லூரியில் இறையியல் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமைதோறும் வகுப்பு. முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அதைச் சொல்லிக் கேலி செய்யாமல் விடவே மாட்டாள்.

"இன்னா ஜெபக்காரி, பையத் தூக்கினு கெளம்பிட்ட? உன் புள்ள ஸ்கூலுக்கு, நீ காலேஜுக்கு, அண்ணாத்தே சோறாக்கினு கீறாரா?"

ஜனங்கள் பேசுவதை நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். அதில் பாதி அவள் பேச்சுதான். அவள் குடும்பம் அந்த ஊரிலேயே நிலம் உழுத குடும்பம். இப்போது அவள் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கணவர் ஏழுமலை காட்டுப்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன்.

இரண்டாம் வருஷம் சமய ஒப்பீடு என்று ஒரு பாடம் வந்தது. வேறு மதத்துக்காரர் ஒருவரிடம் போய், அவர் எப்படி வேண்டிக்கொள்கிறார் என்று கேட்டு, நம் கருத்தைக் கலக்காமல் அவர் வார்த்தையிலேயே ஐந்து பக்கம் எழுதவேண்டும். எனக்கு உள்ளூர சந்தோஷம். கேட்கிற சாக்கில் கன்னியம்மாவுக்கு என் சாட்சியைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன்.

அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னாத்த வேண்டிக்குவேன்? மாவு மீந்துபோவாம விக்கணும், இந்தாளு குடிக்காம ஊடு வரணும். அவ்ளோதான். அப்பால அண்ணாத்தேக்கு வேண்டிக்கினது ஒண்ணு கீது."

"எந்த அண்ணாத்தே?"

"உன் ஊட்டுக்காரருதான்மே. ஆஸ்பத்திரில கெடந்தாரே, அப்போ. அவரு நடந்து ஊடு வந்தா மூணு வருசம் ஆடி மாசம் செருப்பு போடமாட்டேன்னு ஆத்தாகிட்ட சொன்னேன். ரெண்டு முடிஞ்சிச்சி."

என் பேனா நின்றுவிட்டது. இரண்டு ஆடியிலும் அவளைப் பார்த்திருக்கிறேன். மாவு வாளியோடு, கொதிக்கிற தார் ரோட்டில், வெறுங்காலோடு. செருப்பு அறுந்துபோச்சா என்று கேட்டு என் பழைய செருப்பைக்கூட நீட்டினேன். "வெச்சிரு, அப்பால வாங்கிக்கிறேன்" என்று சிரித்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்க சர்ச்சுல உன்னத் திட்டுவாங்கோ. உனக்கு இன்னாத்துக்கு வம்பு?"

என் கணவர் பைக்கிலிருந்து விழுந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தார். இரண்டு மாதத்தில் நடந்து வீடு வந்தார். "எங்கள் சபையின் ஜெபத்துக்குக் கிடைத்த பதில்" என்று மேடையில் நின்று சாட்சி சொன்னேன். அப்படியானால் கன்னியம்மாவின் கால் சும்மா வெந்ததா? இல்லையென்றால் என் விசுவாசம் என்ன? அன்று முழங்காலில் நின்றபோது "அப்பா" என்ற வார்த்தை வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

போதகர் சொன்னார்: "சிஸ்டர், படிப்பு உங்களக் குழப்புது. அத விட்ருங்க." என் கணவர் சொன்னார்: "நான் நடக்கறேன் இல்ல, அதப் பாரு. நடக்க வெச்சது யாருன்னு என் கால வெச்சி சண்ட போடாத." எனக்கு இரண்டும் ஆறுதலாக இல்லை. பிப்ரவரியில் கல்லூரியிலிருந்து நின்றுவிடுகிறேன் என்று கடிதம் எழுதிப் பையில் வைத்தேன். எழுதி முடித்து, கண்ணைக்கூட மூடாமல் ஒன்றே ஒன்று கேட்டேன்: "உம்மோடு பேச எனக்கு வாய் தாரும்."

அந்தச் சனிக்கிழமை காலை கடிதத்தோடு கிளம்பும்போது கன்னியம்மா என் கதவைத் தட்டினாள். தலை கலைந்திருந்தது. கையில் மாவு காயவில்லை.

"எங்க ஊட்டுக்காரரு வேலை செய்ற எடத்துல, வாசக் கேட்டாண்ட வுழுந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்கி இட்டுனு போயிட்டாங்கோ. எஸ்தரு, எனக்கு ஆத்தாவக் கூப்புடக்கூட வாய் தொறக்கல. நீ கேளுமே. நீதான் கேக்கறவளாச்சே."

ஷேர் ஆட்டோவில் அவள் என் கையை விடவில்லை. என்னிடம் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொல்வேன்? பக்கவாதம் என்றார்கள். அவரை உள்ளே வைத்திருந்தார்கள். வராந்தாவில் அவள் என் தோளில் சாய்ந்து, "கேளு, கேளு" என்றாள். பயத்தோடு வாயைத் திறந்தேன்.

"அப்பா" என்றேன். வந்துவிட்டது.

"அப்பா, ஏழுமலையண்ணனைப் பாரும். இவள் காலைப் பாரும். என் புருஷனுக்காகத் தாரில் நடந்த கால் இது. நான் பார்க்காதபோது நீர் பார்த்தீர்."

அவள் அழுகையோடு என்னை இடித்தாள். "காலப் பத்திலாம் ஏம்மே சொல்ற? வெக்கமா கீது."

ஏழுமலையண்ணன் பிழைத்தார். இடது கை இன்னும் தூக்க வரவில்லை, வேலையும் போய்விட்டது. அதற்காக இன்றும் மன்றாடுகிறேன். ஆனால் நான் சாட்சி சொல்ல வந்தது அதை அல்ல. பூட்டிக்கிடந்த என் வாயைத் தேவன் திறந்தார், அதுவும் கன்னியம்மாவை அனுப்பித் திறந்தார். கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அதுவரை எழுதாமல் வைத்திருந்த அந்த ஐந்து பக்கத்தையும் அவள் சொன்னபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதிக் கொடுத்தேன். யாருடைய வேண்டுதல் கேட்கப்பட்டது என்று பரீட்சையில் கேட்டால் எனக்கு மார்க் வராது. தெரியாததைத் தெரிந்ததுபோல மேடையில் சொல்வதை விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் அவளுடைய மூன்றாவது ஆடி. அது முடிந்த மறுநாள் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போனேன். அவள் போட்டுப் பார்த்தாள். குதிகால் வெளியே நின்றது.

"இன்னா ஜெபக்காரி, ஆறாம் நம்பரா? என் காலு எட்டு. இத்தினி வருசம் பக்கத்துல இருந்துகினு இதுகூடத் தெரியலியா?"

போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

ஜெபிக்க முடியாமல் வெளியே சொல்லவும் வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறவர்களே, முடியவில்லை என்பதையே அவரிடம் சொல்லுங்கள். என்னிடம் இருந்ததும் அவ்வளவுதான். அதைக் கேட்டார். உங்கள் கதவை யாராவது தட்டினால் எழுந்துபோய்த் திறங்கள்.